அந்தச் சின்ன அறைக்குள் எத்தனை மேசை கொள்ளும்?

2009ஆம் ஆண்டு வசந்த காலம், லண்டன் தோர்ண்டன் ஹீத். ஜெர்மனி, பிரான்ஸ் என்று அலைந்துவிட்டு வந்திருந்தேன். கிழமை நாட்களில் கட்டட வேலை. சனிக்கிழமைகளில், வாடகை மண்டபத்தில் நடந்த தமிழ்ப் பள்ளிக்கு மேசை கதிரை போட்டுக் கொடுப்பேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஊர்ப் பள்ளியில் எங்கள் சாதிப் பிள்ளைகளுக்கென்று பின்னால் தனி வாங்குப் பலகை இருந்தது. அதில் குந்தியிருந்து என்னத்தைப் படிப்பது?

ஒரு சனிக்கிழமை புதிதாக ஒரு சிறுமி வந்தாள். தகப்பன் யாழ்ப்பாணத்தவர், தாய் கானா நாட்டவர். தகப்பன் அவளை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். உடனே சில பெற்றோர் செயலாளரைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் கிழமை முழுக்க, ஊரில் போரில் சாகும் சனத்துக்காக நாடாளுமன்றத்தின் முன் நின்று நீதி கேட்டுத் தொண்டை கட்டிய சனம்தான். "காப்பிலிப் பிள்ளையோட எங்கட பிள்ளையளை இருத்த ஏலாது" என்று, கறுப்பரை இழிக்கும் அந்தச் சொல்லோடு ஒரு தாய் சொன்னது எனக்கும் கேட்டது.

செயலாளர் என்னிடம் வந்தார். "தம்பி, சமையல் குசினிக்குப் பக்கத்து அறையில ஒரு மேசை போடும். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் விளங்காது. தனியப் படிக்கட்டும்."

அதற்குள் சிறுமியே வந்து நின்றாள். "மாமா, என்ர மேசை எது?" என்று நல்ல தமிழில் கேட்டாள்.

செயலாளர் கூரையைப் பார்த்தார்.

"அண்ணை, தமிழ் விளங்காத எல்லாருக்கும் அங்கதானே?" என்றேன்.

"ஓம், ஓம்."

முன்வரிசை மேசை ஒன்றைத் தூக்கினேன்.

"அது என்ர மகன்ர!" என்றார் செயலாளர்.

"தெரியும் அண்ணை. அவருக்குத் தன்ர பேரைத் தமிழில எழுத ஏலாது."

அடுத்தது, அந்தத் தாயின் மகளுடைய மேசை. அதற்கடுத்தது இன்னொன்று. நாலாவது மேசை அறை வாசலில் இறுகி நின்றுவிட்டது. தமிழ் விளங்காதவர்கள் வகுப்பில் இன்னும் பாதிப் பேர் மிச்சம். ஆசிரியை சிரிப்பை அடக்க முடியாமல், "எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு வாங்கோ அண்ணை" என்றார். கொண்டு வந்து போட்டேன். சிறுமியின் மேசையை முன்வரிசையில் வைத்தேன்.

அடுத்த கிழமை வரத் தேவையில்லை என்றார் செயலாளர். வேலை போவது எனக்குப் புதிதல்ல. சில மாதம் கழித்து அவளுடைய தகப்பனை பஸ்ஸில் கண்டேன். மகள் இன்னும் முன்வரிசைதான் என்றார்.

இன்றைக்கும் ஒரு பிள்ளையைத் தள்ளி வைக்க யாராவது நல்ல காரணம் சொன்னால், அந்தக் காரணத்தை எல்லாருக்கும் போட்டுப் பார்க்கிறேன். ஒருநாளும் அறை கொள்வதில்லை.