சுவரிலிருந்து நாலாவது

எவர்சில்வர் டம்ளர்களை அவர் மேஜைமேல் வரிசையாக நிறுத்தினார். வடை தீர்ந்துபோன அலுமினியத் தட்டை எடுத்து, முதல் டம்ளருக்கு இந்தப் பக்கம் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, "இது காம்பவுண்டு சுவர்னு வச்சுக்கோங்க" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்த மற்ற மாணவர்கள் டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார்கள். நான் பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்த வேளை. அந்த டம்ளர்களில் ஒன்று என் அம்மா என்று எனக்கு அப்போது தெரியாது.

பெங்களூரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தின் கேன்டீனில் எனக்கு வேலை. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆராய்ச்சி என்றால் மருந்து கண்டுபிடிப்பது, ராக்கெட் விடுவது என்றுதான் நினைத்திருந்தேன். எம்.ஏ. முடித்துவிட்டு அதற்கும் மேலே படிக்க அங்கே வந்தவர்கள் எதையெல்லாம் படிக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குத் திகைப்பாக இருந்தது. ஒரு அம்மா, இந்த ஊர்க்காரர்கள் காபி குடிக்கப் பழகிய கதையைப் படித்தார். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்களோடு ஒருவர் விடியற்காலையில் சைக்கிளில் சுற்றினார். தலை நிமிர்ந்து பேசாத தார்வாட் பெண் ஒருத்தி, குழாயடிச் சண்டையில் பெண்கள் திட்டும் வசவுகளைச் சேகரித்தாள். எங்கள் மாஸ்டர் சந்தோஷமாகச் சிலவற்றை எடுத்துக்கொடுத்தார். அவள் முகம் சிவக்க எழுதிக்கொண்டாள்.

கேன்டீனில் யாருக்கும் பெயர் கிடையாது. படிக்கிற விஷயம்தான் பெயர். "காபிக்கு ஒரு டீ" என்று மாஸ்டர் குரல் கொடுப்பார். "வசவுக்கு ரெண்டு இட்லி, கெட்டி சட்னி." அந்த வகையில் டம்ளர் அடுக்கியவர் கல்லறைத் தம்பி. வேலூர் பக்கத்துக்காரர். கன்டோன்மென்ட் பக்கமுள்ள கல்லறைத் தோட்டங்களில் ஜனங்கள் தங்கள் செத்தவர்களை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் படிப்பு. தையல்காரர் நாடா ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். "என்ன கல்லறை, இன்னிக்கு யாருக்கு அளவெடுத்தே? ஜாக்கெட்டா, பாவாடையா?" என்று மாஸ்டர் கேட்பார். "உங்களுக்குத்தான் மாஸ்டர், முன்கூட்டியே" என்பார் அவர்.

அன்று அவர் தன் நண்பர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ரோட்டோரச் சுவரில் தொடங்கி உள்ளே போகிற ஏழைகளின் வரிசை. கல் கட்டடம் கிடையாது, மண் மேடும் மரச் சிலுவையும்தான். பெரிய மழையில் சுவர் விழுந்தது. மேடெல்லாம் கரைந்துபோனது. குழி வெட்டுகிறவர் சிலுவைகளைப் பிடுங்கி மரத்தடியில் சாத்தி வைத்தார். புதுச் சுவரை ரோட்டுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். இதைச் சொல்லிவிட்டு முதல் டம்ளரை எடுத்துக் கீழே வைத்தார். அது நின்ற இடத்தில் தட்டைப் பிடித்தார்.

"கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் வர்றாங்க. சிலுவையைத் தேடி எடுக்கறாங்க. எங்கே நடுவாங்க? எங்கப்பா சுவத்துலேர்ந்து ரெண்டாவது, எங்கம்மா சுவத்துலேர்ந்து நாலாவது. எல்லாரும் அப்படித்தான் ஞாபகம் வச்சிருக்காங்க. எண்ணி நட்டுட்டாங்க. வரிசை முழுக்க ஒரு இடம் தள்ளிப்போச்சு."

"அப்போ எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கா அழறாங்க?" என்றது காபி. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. தேடியது கிடைத்துவிட்ட ஒருவரின் சிரிப்பு.

என் கையில் துணி அப்படியே நின்றுவிட்டது. மழை, விழுந்த சுவர், மரத்தடியில் சாத்திய சிலுவைகள். எங்கள் சிலுவையை அந்தக் குவியலிலிருந்து நான்தான் தூக்கி வந்தேன். அக்கா சுவரிலிருந்து எண்ணி, கால் விரலால் மண்ணைத் தொட்டு, "இங்கதான்டா" என்றாள். அதற்குமுன் மாணவர்களிடம் சர்க்கரை வேண்டுமா என்பதைத் தவிர நான் எதுவும் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"தம்பி, நாலாவதுன்னு நட்டவங்களோட அம்மா இப்போ எங்கே இருக்காங்க?"

அவர் தட்டிலிருந்து மூன்றாவதாக நின்ற டம்ளரைத் தொட்டு, "மூணாவது சிலுவைக்கு அடியில" என்றார். பிறகுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் கை தட்டை விட்டுவிட்டது. அது தரையில் விழுந்து சுழன்ற சத்தத்தில் மாஸ்டர் உள்ளேயிருந்து, "யாருப்பா அது, பாத்திரம் வாங்கித் தர்றது?" என்றார்.

அம்மா போனபோது நான் சிறுவன். என்னை வளர்த்தது அக்கா. விவேக் நகரில் ஒற்றை அறை, அவளுடைய தையல் மிஷின், நான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, கல்லறைத் திருநாளன்று, அந்த மேட்டில் சாமந்தியைப் பரப்பி, கன்னத்தை மண்ணில் வைத்துப் படுத்துக்கொண்டு, அந்த வருஷத்துச் சேதியெல்லாம் சொல்லுவாள். ஃபாதர் தீர்த்தம் தெளித்து ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வரும்போதுதான் எழுந்திருப்பாள். அந்த மழைக்குப் பிறகு அவ்வளவையும் அவள் வேறு யாரோ ஒருத்தரிடம் சொல்லியிருக்கிறாள்.

மழைக்கு முன்பு எடுத்த பழைய போட்டோ ஒன்றை வைத்து, அங்கேயுள்ள மரத்திலிருந்து அளந்து பார்த்ததாகவும், குழி வெட்டுகிறவரும் ஒத்துக்கொண்டதாகவும் கல்லறைத் தம்பி சொன்னார். தப்பாக இருக்க வழியில்லை. "உங்க அக்காவுக்குச் சொல்லாம இதை நான் எழுத முடியாதுண்ணா. மனசு வராது." கல்லறைத் திருநாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்காவைத் தெரியாமலேயே அங்கே படுக்க விடுவதா, சொல்லி அவள் உடைந்துபோவதைப் பார்ப்பதா என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்துப்போனேன். அக்கா மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை என் வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. அவர்தான் சொன்னார். டம்ளர் இல்லாமல், தரையில் விரலால் கோடு போட்டு.

அக்கா மிஷின்மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று பார்த்தேன்.

"அப்போ எங்கம்மாவை யாரு பாத்துக்கறாங்க?"

"மூணாவது சிலுவைக்காரர், அக்கா. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஒரு பெரியவர் வருவாரே."

"அவரா? அவரு மேட்டைச் சுத்திச் செங்கல்லெல்லாம் பதிச்சிருக்காரு. நல்லாத்தான் பாத்துக்கறாரு." மிஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினாள். "நான் சொன்னதையெல்லாம் கேட்டது யாரோ. போகட்டும், இத்தனை வருஷம் கேட்டுட்டாங்க. இனிமே என்ன புதுசா ஆள் மாத்தறது?"

எனக்கு நம்ப முடியவில்லை. இதற்கா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன் என்றிருந்தது. அப்போது அவள் இன்னொன்று கேட்டாள்.

"தம்பி, செவுத்துக்கு அடியில போனது யாரு?"

அவர் விரல் தரையிலேயே நின்றது. "அது ஒரு சின்னக் குழி, அக்கா. குழந்தைன்னு சொன்னாரு குழி வெட்டறவரு."

அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் புரிந்துவிட்டது. சுவரை ஒட்டிய முதல் சிலுவைக்கு வருஷா வருஷம் ஒரு பெண் வருவாள். பால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக மேட்டின்மேல் வைப்பாள். நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவள் குழந்தை அங்கே இல்லை. சுவருக்கும் நடைபாதைக்கும் அடியில் கிடக்கிறது. அதன்மேல் நடந்துதான் நாங்கள் அத்தனை பேரும் கேட்டுக்குப் போகிறோம்.

"அந்தப் பொண்ணுக்கு இது தெரியக் கூடாது" என்றாள் அக்கா. "நீ எழுதிக்கோ. எந்த இடம்னு எழுதாதே. படம் போடாதே."

"படம் இல்லாம ஒத்துக்கமாட்டாங்க அக்கா. இதுக்கு மூணு வருஷம் அலைஞ்சிருக்கேன்."

"அவ எத்தனை வருஷமா பிஸ்கட் வைக்கறா?"

அவர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் கட்டுரை படித்த அன்று ஹாலுக்கு டீ கொண்டுபோனேன். பேச்சு இங்கிலீஷில் நடந்தது, எனக்குப் புரியவில்லை. ஆனால் மற்றவர்கள் படித்தபோது சுவரில் தொங்கியதுபோல் படம் எதுவும் அன்று தொங்கவில்லை. புரொபசர் திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்டார். கல்லறைத் தம்பி நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு காபி அம்மாதான் சொன்னார், அந்தப் பகுதியையே எடுத்துவிடச் சொல்லிவிட்டார்களாம், இன்னொரு வருஷம் ஆகுமாம். வரைபடம் தொலைந்துவிட்டது என்று கல்லறைத் தம்பி சொல்லியிருக்கிறார். "நாடா வச்சிருக்கிற ஆளுக்கு ஒரு காகிதத்தைப் பத்திரமா வைக்கத் தெரியலையே" என்றார் மாஸ்டர். கல்லறைத் தம்பி சிரித்துக்கொண்டே இன்னொரு டீ கேட்டார்.

இன்று அவர் எங்கோ ஒரு கல்லூரியில் வாத்தியார். அந்த வரிசையை மறுபடி தோண்டிப் புதிய ஆட்களைப் புதைத்துவிட்டார்கள். அம்மாவும் இல்லை, அம்மா என்று நாங்கள் நினைத்தவரும் இல்லை. கேன்டீனில் இப்போது வருகிற பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. பயமாக இருக்கிறது.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்ன அந்த வருஷத்துக் கல்லறைத் திருநாளன்று அவள் கேட்டுக்குள் போவதற்கு முன் நடைபாதையிலேயே நின்றாள். பூக்காரிகளும் மெழுகுவர்த்தி விற்கிறவர்களும் ஆட்டோக்களுமாக ஒரே நெரிசல். சுவரின் வெளிப்பக்கம் குந்தி உட்கார்ந்து, ஒரு சின்ன மெழுகுவர்த்தியைக் கொளுத்தி நிறுத்தினாள். போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போது பின்னாலிருந்து, "யாருக்கும்மா ரோட்டுல வைக்கறீங்க?" என்று ஒரு குரல். திரும்பினால் அந்தப் பெண். கையில் பிஸ்கட் பாக்கெட்.

அக்கா நிமிரவில்லை. "ஒரு குழந்தைக்கு" என்றாள்.

"பஸ் காத்துல அணைஞ்சிடுமே" என்றாள் அவள். குனிந்து, மெழுகுவர்த்தியைப் பெயர்த்தெடுத்து, சுவரோடு ஒட்டி வைத்தாள். திரி தடுமாறி நிமிரும்வரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, கேட்டைப் பார்த்து நடந்தாள்.