வள்ளத்தின் முடிச்சும் கன்றின் கழுத்தும்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா,

நெடுங்காலம் கடற்றொழில் செய்த நான், தற்போது தலைமன்னாரில் மாடு வளர்க்கிறேன். புதிதாக வாங்கிய கன்றைப் பழக்க எண்ணி, வள்ளம் கட்டும் சுருக்கு முடிச்சையே அதன் கழுத்திலும் இட்டுப் பூவரசில் கட்டினேன்.

அவ்வேளை ரயில் ஊதிற்று. மிரண்ட கன்று பாய்ந்தது. இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகியது. அது விழுந்து, கண்கள் பிதுங்கி, நாக்கு நீலமாயிற்று. இறுகிய முடிச்சு என் விரல்களுக்கு அவிழவில்லை. மீன் வெட்டும் கத்தியுடன் ஓடிவந்த என் மனைவியார் கயிற்றை அறுத்தார்.

"இஞ்சேருங்கோ, வள்ளம் மூச்சு விடாது. இது விடுமெல்லோ?"

கன்று இருமி எழுந்தது.

இப்போது இறுகாத முடிச்சே இடுகிறேன். கயிற்றுக்குள் நான்கு விரல்கள் நுழைந்தால்தான் கன்றை விட்டு நகர்கிறேன். கன்று வளர்ப்போர் இக்கடிதத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருக்க வேண்டுகிறேன்.