கல்வராயன் மலையில் உயரம் அளக்கப் போனேன்

உடல்சார் மானிடவியல் படித்தால் வேலை கிடைக்குமா, களப்பணிக்குக் கல்வராயன் மலைக்கு எப்படிப் போவது என்று இரண்டு மாணவர்கள் கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. முனைவர் பட்டம் இருக்கிறது, நிரந்தர வேலை இல்லை. என் முன்னாள் வழிகாட்டி நான் சேகரித்த அளவுகளைத் தன் பெயரில் வெளியிட்டவர். என் ஒப்பந்த வேலையை நீட்டிக்கும் குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

போன தை மாதம் அவரே என்னை அனுப்பினார். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பழங்குடி ஊரில் எல்லாருடைய உயரத்தையும் தன் இளவயதில் அளந்ததாக அவர் ஒரு நூலில் எழுதியிருந்தார். அதே ஊரில் நான் மறுபடி அளந்து, ஒரு தலைமுறையில் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று ஒப்பிட வேண்டும். அளவுகளோடு திரும்பினால் ஒப்பந்தம் நீளும். இல்லாவிட்டால் வீடுதான்.

கள்ளக்குறிச்சியில் காலை 6.10க்குப் பேருந்து. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை சுமார் 40 கி.மீ. வளைவுகள் அதிகம், வெறும் வயிற்றோடு ஏறுங்கள். அங்கிருந்து எட்டு கி.மீ. ஜீப். ஆள் சேரும்வரை காத்திருந்தால் ஐம்பது ரூபாய், தனியாகப் போனால் ஐந்நூறு. ஓட்டுநர் என் பையைத் தட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, துப்பாக்கியா?”

“உயரம் அளக்கிற கம்பி.”

“ஆளுங்களையா? பாத்து சார்.”

ஊர்த் தலைவரான கவுண்டர் அனுமதி தந்தார். முதலில் வந்தவர் சடையன், காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழுந்தவர். தலை அகலம், கை நீளம் எல்லாம் கேலியும் சிரிப்புமாக முடிந்தன. அவரைச் சுவரோரம் நிறுத்தி, கம்பியைக் குதிகாலிலிருந்து உச்சந்தலைவரை நீட்டியதும் சிரிப்பு நின்றது. மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்த அவர் மனைவி கத்தியோடு எழுந்து வந்தார்.

“யோவ், உசுரோட நிக்கிறவனுக்குக் குழி அளக்கறியா?”

அந்த ஊரில் இறந்தவரை மட்டும்தான் தலைமுதல் கால்வரை கழியால் அளப்பார்கள். அந்த நீளத்துக்குக் குழி வெட்டுவார்கள். சடையன் வெளிறிப்போய்ச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். நாலைந்து ஆண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஜீப் போய்விட்டிருந்தது.

“அவருக்கு ஏதாச்சும் ஆச்சின்னா நீ கீழ எறங்க மாட்ட” என்றான் ஒருவன்.

கவுண்டர் சடையன் மனைவியைப் பார்த்தார். “இவர அளம்மா. அளந்தவன அளந்துட்டா தோஷம் கழிஞ்சிடும்.”

மண்ணில் படுக்கச் சொன்னார்கள். படுத்தேன். அந்த அம்மாள் நீளமான குச்சியாக ஒரு புளிய மிலாறை எடுத்து என் உச்சந்தலையில் வைத்து, குதிகால்வரை அளந்தார். படித்த அறிவியல் ஒன்றும் உதவவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

“யம்மாடி, இன்னா நீட்டு! இவருக்கு வெட்டறதுன்னா கூலி ஜாஸ்தி கேக்கணும்” என்றான் மிரட்டியவனே. சடையன் சிரித்துவிட்டார். மிலாறை முறித்து அடுப்பில் போட்டார்கள். பிறகு எனக்கு டீ வந்தது. நான் கம்பியைத் திரும்ப எடுக்கவில்லை.

“முன்னாடி ஒருத்தர் வந்து எல்லாரையும் அளந்தாரே?” என்று கவுண்டரைக் கேட்டேன்.

“யாரு, கண்ணாடிக்காரரா? கம்பிய எடுத்தாரு, எங்கப்பாரு வெரட்டிட்டாரு. ஒருத்தரையும் அளக்கல.”

“படுக்கச் சொல்லலையா?”

“சொன்னாங்க. அவரு எங்க படுத்தாரு, ஓடிட்டாருங்க.”

அவருடைய நூலில் அந்த ஊராரின் உயரங்கள் ஒரு பக்கம் முழுக்க இருக்கின்றன, மில்லிமீட்டர் சுத்தமாக.

திரும்பும் பேருந்தில் யோசித்தேன். அவர் எண்களோடு இரண்டு சென்டிமீட்டர் கூட்டி எழுதினால் போதும், மகிழ்ந்துபோவார். ஆனால் உயரம் அளக்க முடியவில்லை என்றும், ஏன் என்றும், அவரை விரட்டிய கதையையும் சேர்த்து எழுதிக் குழுவில் எல்லாருக்கும் அனுப்பினேன். ஒப்பந்தம் நீளவில்லை.

போகிறவர்களுக்கு: கடைசி ஜீப் மாலை நான்கு மணிக்கு. குளிருக்குப் போர்வை வேண்டும். கருவியை எடுப்பதற்கு முன், இங்கே எதை எதற்காக அளப்பீர்கள் என்று கேளுங்கள். வேலை கிடைக்குமா என்ற கேள்விக்குப் பதில்: அந்த உயரங்களை எழுதியவருக்குக் கிடைத்தது.