துணி இல்லாத துணிப்பை

பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த வருஷம் நான் ஏழாம் வகுப்பு. தடையைப் போட்டது அரசாங்கம் என்றாலும், அதை நிறைவேற்றும் பொறுப்பு என் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று நம்பினேன். தென்காசியில் எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு நான் செயலாளர். அதற்கான பச்சை பேட்ஜை ஞாயிற்றுக்கிழமைகூடக் கழற்ற மாட்டேன்.

எந்தப் பை மண்ணுக்கு நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்வது மன்றத்தில் எனக்குக் கொடுத்த வேலை. குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு பூந்தொட்டிகளில் நான்கு பைகளைப் புதைத்தேன். ஒன்று காகிதம், ஒன்று பருத்தி, ஒன்று பழைய பிளாஸ்டிக் கவர், நான்காவது அப்பா கடைத் துணிப்பை. அப்பாவுக்குக் குற்றாலத்தில் பழக்கடை. தடை வந்ததுமே கவரையெல்லாம் ஒழித்துவிட்டு, அருவி சீசனுக்கென்று மூட்டை மூட்டையாகத் துணிப்பை வாங்கி அடுக்கியிருந்தார். விற்றவர் அதைத் துணிப்பை என்றார், அப்பாவும் துணிப்பை என்றார், கடைவீதி முழுக்க அப்படித்தான் சொன்னார்கள். இத்தனை பேர் சொன்னால் அது துணியாகாமல் என்ன செய்யும்?

இரண்டு மாதம் கழித்துத் தோண்டினேன். காகிதம் போன இடம் தெரியவில்லை. பருத்தி சல்லடையாகக் கிடந்தது. பிளாஸ்டிக் கவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் துணிப்பையோ, 'நன்றி, மீண்டும் வருக' என்ற எழுத்துகூட அழியாமல், கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது. அதுவும் துணி வேஷம் போட்ட பிளாஸ்டிக்தான்! கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். தொட்டியில் இருந்த ரோஜாச் செடி எங்கே என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில், அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். நல்ல சாரல். அருவியில் குளித்துவிட்டு வந்த கூட்டம் ரம்புட்டானையும் மங்குஸ்தானையும் மொய்த்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர் கடை வாசலில் நின்று அப்பாவின் பையைத் தடவிப் பார்த்தார்.

"துணிதான?"

"துணியேதான் சார்."

"இல்லப்பா, அது பிளாஸ்டிக்கு," என்றேன் நான்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஆச்சரியம் என்று எடுத்துக்கொண்டு, மண் ஒட்டிய பையை அதிகாரியிடம் நீட்டினேன். பருத்தி என்றால் எரிந்து சாம்பலாகும், பிளாஸ்டிக் என்றால் உருகிச் சொட்டும் என்று கேட்காமலே விளக்கமும் சொன்னேன். அவர் தீப்பெட்டி வாங்கினார். சாரலில் நாலு குச்சி அணைந்து ஐந்தாவது பிடித்தது. பை சுருண்டு, கறுத்து, சொட்டுச் சொட்டாக விழுந்தது. அப்பாவின் மூட்டைகள் அத்தனையும் வண்டியில் ஏறின. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதிகாரி அதே தீப்பெட்டியோடு அடுத்த கடைக்குப் போனார். அதற்கடுத்த கடைக்கும் போனார்.

சீசன் ஞாயிறு, வீதி முழுக்கக் கூட்டம், ஒரு கடையிலும் பை இல்லை. பழைய பேப்பரில் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் சாரலில் பத்தடி போவதற்குள் கிழிந்தது. சிலர் பழத்தை ஈரத்துண்டில் கட்டிக்கொண்டு போனார்கள். பலர் வாங்காமலே போனார்கள். வருஷத்துக்கே அந்த மூன்று மாத வியாபாரம்தான் எங்களுக்குச் சோறு. அப்படியும் அப்பா என்னைத் திட்டவில்லை.

மத்தியானம் கடைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் எதிர்க்கடைச் சிப்ஸ் அண்ணாச்சி. அவர் வாயைத் திறக்குமுன் அப்பா என்னைத் தூக்கி முக்காலிமேல் நிறுத்திவிட்டார்.

"அண்ணாச்சி, எம் மவ. ஏழாவதுதான் படிக்கா. நாம அம்புட்டு பேரும் ஏமாந்தத ஒத்தையா கண்டுபிடிச்சிருக்கா பாத்தேளா! மொதல்ல எங் கடைப் பையத்தான் கொளுத்துனா. ஏட்டி, அந்தத் தொட்டி வெவரத்தச் சொல்லு."

சொன்னேன். அண்ணாச்சி மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

"அப்பம் எதுலதாம்மா பொருளக் குடுக்கது?"

"வாறவங்க வீட்டுல இருந்து பை கொண்டு வரணும் மாமா. ஒரே பைய அது கிழியுத வரைக்கும் வச்சிக்கிடணும்."

"நல்லா வருவ," என்று சொல்லி, ஒரு பொட்டலம் நேந்திரம் சிப்ஸும் கொடுத்துவிட்டுப் போனார். அன்று எட்டுப் பேருக்கு எட்டு முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் அப்பா அப்போதுதான் கேட்பவர்போலக் கேட்டுத் தலையாட்டினார். கடைவீதியே திரண்டு வந்து என்னைப் பாராட்டியது என்று மறுநாள் பள்ளியில் சொன்னேன். வருஷக்கணக்காக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த சமயம் இனிப்புக் கொடுக்கப் போனபோது சிப்ஸ் அண்ணாச்சி சிரித்தார். "அன்னைக்கு உங்க அப்பன நாலு சாத்து சாத்தணும்னுதாம்மா வந்தேன். நான் மட்டுமா, எல்லாவனும் அதுக்குத்தான் வந்தான். புள்ளையத் தூக்கி முன்னால நிறுத்திட்டான். என்ன செய்ய?"

அன்று முக்காலிமேல் நின்ற நேரமெல்லாம் அப்பாவின் கை என் முதுகில் இருந்தது. அது லேசாக நடுங்கிக்கொண்டே இருந்ததை நான் பெருமை என்று நினைத்தேன். அப்படி நினைத்தது முழுத் தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.