எப்போது வேண்டுமானாலும் விலகலாம்

மார்பில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது என்று சொன்ன அன்றே, கொழும்பு ஆஸ்பத்திரியில் அந்தப் புது மாத்திரையைப் பற்றியும் சொன்னார்கள். இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் மருந்து. சேர விருப்பமா என்று டொக்டர் கேட்டார். பேச்செல்லாம் சிங்களத்தில். எங்கள் மலையகத்து லிந்துலைக் கடைகளில் சாமான் வாங்குமளவுக்கு எனக்குச் சிங்களம் வரும். ஈரலைப் பற்றிப் பேச அது போதாது. புது மருந்து என்பதை மட்டும் விளங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட டீச்சர் என்பதால் எனக்கு எல்லாம் புரிந்திருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

சில வாரங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரியத் தொடங்கின. கரும்பலகையில் எழுதச் சோக்கைப் பிடித்தால் விரல் எரியும். கைரேகை அழிந்து, பெருவிரலை வைத்தால் போன் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால், கொஞ்சம் வலிக்கிறது என்பதற்கு மேல் சொல்ல எனக்குச் சிங்களத்தில் வார்த்தை இல்லை. அவர்களும் தலையாட்டிவிட்டு அதே மாத்திரையைக் கொடுப்பார்கள்.

"வேணாம்னு சொல்லிரு. இப்படி எதுக்கு வதைபடுற?" என்றார் கணவர்.

"சொன்னா பேரை வெட்டிருவாங்க. அப்புறம் யாருங்க நம்மளப் பாப்பாங்க?"

அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்கள் பதிவில், பெயர் வெட்டுப்பட்டு, வேலையில்லாமல் நின்றவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

மழைக்காலத்தில் ஒருநாள், இரத்தப் பரிசோதனைக்காக இருவரும் கொழும்புக்குப் புறப்பட்டோம். கினிகத்தேனைக்கு அருகே மண் சரிந்து பாதை மூடிக்கிடந்தது. பின்னாலும் வாகனங்கள் நெருக்கி நின்றதால் பஸ் திரும்பவும் முடியவில்லை. ஆஸ்பத்திரி நம்பருக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தத் தேதியைத் தவறவிட்டால் என் கதை முடிந்தது என்றே நம்பினேன். இறங்கி, சேற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போய் வேறு பஸ் பிடிக்கலாம் என்று நடந்தேன். பொலிஸ்காரர் கைநீட்டி மறித்தார். செருப்புக்குள் கால் பிசுபிசுத்தது. தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தது. பாதையோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

பாதை திறந்ததும், பிந்திவிட்டோமே என்று பயந்துகொண்டே போனோம். அன்று ஆய்வுப் பிரிவில் புதிதாக ஒரு பெண் டொக்டர் இருந்தார். பேச்சு எங்கள் மலைப்பக்கத்துத் தமிழ். என் பாதங்களைப் பார்த்ததும் குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

"இவ்வளவு நாளா இதோடயா நடந்தீங்க? மருந்தைக் குறைச்சிருக்கலாமே."

"பேரை வெட்டிருவீங்கன்னு பயந்துட்டேங்க."

"டீச்சர், நீங்க எப்ப வேணும்னாலும் விலகலாம். விலகினாலும் இங்க வைத்தியம் நடக்கும். யாரும் சொல்லலையா?"

"சொல்லியிருப்பாங்க. எனக்கு விளங்கலைங்க."

மருந்தின் அளவைக் குறைத்தார்கள். ஆய்வை நடத்துபவர்களின் கூட்டத்தில் நானே பேச வேண்டும் என்று அந்தப் பெண் டொக்டர் கேட்டுக்கொண்டார். தமிழிலேயே பேசினேன். தமிழ்க்காரர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு இரத்தத்தை மலையிலேயே எடுங்கள். வலியா என்று மட்டும் கேட்காதீர்கள், சோறு பிசைய முடிகிறதா, படி இறங்க முடிகிறதா என்று கேளுங்கள். அவர் அதைச் சிங்களத்தில் சொல்ல, அவர்கள் எழுதிக்கொண்டார்கள். சில மாதங்களில் இரத்தத்தை மலையிலுள்ள நுவரெலியாவிலேயே எடுக்க ஏற்பாடானது. புதிதாகச் சேர்பவர்களுக்கு அவரே தமிழில் விளக்குகிறார்.

போன முறை ஸ்கேனில் கட்டி வளரவும் இல்லை, சுருங்கவும் இல்லை.

"சரிங்க, நான் விலகினா வேற என்ன மருந்து இருக்கு?" என்று கேட்டேன்.

டொக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெருசா ஒண்ணும் இல்லைங்க, டீச்சர்."

அடுத்த முறைக்கான அதே மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கணவர் ஊருக்குப் போகும் ஹட்டன் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தார்.