சலிப்புக்கும் அஞ்சு

தம்போயில் குடியிருக்கும் தனலெட்சுமியை ஏமாற்றுக்காரி என்று யாராவது சொன்னால், அவளோடு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் சண்டைக்கே வந்துவிடுவார்கள். பழுதான சாமானைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கிற வேலை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் பொய்க் குறி போட்டதில்லை. என்ன புண்ணியம்? தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

ஐம்பத்து மூன்று வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? ஜொகூர் பாருவில் ஒரு சிறுவர் அருங்காட்சியகம் கொடுத்தது, சனி ஞாயிறு மட்டும். கண்காட்சி பார்த்துவிட்டு வெளியே வரும் குடும்பங்களிடம் பன்னிரண்டு கேள்வி கேட்க வேண்டும். பிள்ளையோடு சேர்ந்து விளையாடினீர்களா, புதிதாக எதையாவது பேசிக்கொண்டீர்களா என்று. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மார்க். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்பது அதிகாரி ஷர்மினியின் கண்டிப்பு. ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால் நிரந்தர வேலை. அதைத்தான் தனலெட்சுமி மலைபோல நம்பியிருந்தாள்.

நம் சனத்தின் குணம்தான் தெரியுமே! ஒரு தமிழ்ப் பொம்பளை தாளும் பேனாவுமாக நின்றால், மார்க் அவளுக்குத்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து லோரி ஓட்டும் செல்வா வந்தான். தண்ணீர் அறையில் மகளோடு மரக்கட்டையால் அணை கட்டி, ஒரு மணி நேரம் விளையாடி, சட்டையெல்லாம் ஈரம்.

"எல்லாத்துக்கும் அஞ்சு போடுங்கக்கா."

"தம்பி, ஒம்பதாவது கேள்வி, சலிப்பா இருந்துச்சான்னு கேக்குது. இதுக்கு அஞ்சுன்னா ரொம்ப போரிங்னு அர்த்தம்."

"பரவால்ல லா, அதுக்கும் அஞ்சே போடுங்க. உங்களுக்கு ஒன்னும் கொறையக் கூடாது."

மூன்று தடவை விளக்கினாள். அவன் சிரித்துக்கொண்டே மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவளும் சொன்னபடி ஐந்து எழுதினாள். மற்றத் தமிழ்க் குடும்பங்களிடமும் இதே கூத்துதான்.

ஐந்தாம் மாதம் ஷர்மினி அறைக்குக் கூப்பிட்டாள்.

"ஆண்டி, தமிழ்க் குடும்பங்க நாப்பத்தோரு ஃபாரம். எல்லாத்துலயும் அஞ்சு. ஜாலியாவும் இருந்துச்சாம், போரிங்காவும் இருந்துச்சாம். நீங்களே உக்காந்து எழுதிட்டீங்களா?"

தனலெட்சுமி மேசைமேல் இருந்த ஃபாரக் கட்டைப் பார்த்தாள். இவ்வளவு படித்தவளுக்குத் தன் சனத்தின் வாய் தெரியவில்லையே!

"அவங்க சொன்னதுதான் மிஸ். ஃபாரத்துல அவங்க ஃபோன் நம்பர் இருக்கு, கூப்பிட்டுக் கேளுங்க."

ஷர்மினி மேலே இருந்த தாளை எடுத்து, அதிலிருந்த எண்ணுக்கு அழைத்து, இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள். எடுத்தவன் செல்வா.

"மியூசியத்துலேருந்து பேசுறேன். இங்க ரொம்ப போரிங்னு நீங்க சொன்னீங்களா?"

"ஐயையோ, இல்லவே இல்ல மிஸ்! நான் அப்படிச் சொல்லவே இல்ல. அந்த அக்கா தங்கமானவங்க, அவங்கள ஒன்னும் பண்ணிடாதீங்க."

"பாவி, காப்பாத்துறேன்னு கழுத்த அறுத்துட்டானே" என்றாள் தனலெட்சுமி. திட்டவும் மனம் வரவில்லை.

"நாளைலேருந்து வர வேணாம் ஆண்டி" என்றாள் ஷர்மினி. நாற்பத்தோரு தாளையும் கிழித்துக் குப்பையில் போட்டாள். பிறகு கணினிப் பக்கம் திரும்பி, அறிக்கையில் தமிழ்க் குடும்பங்களுக்கு நேரே ஒரு வரி தட்டினாள்: தகவல் இல்லை.