மகளின் முகம் காட்ட வாங்கிய பெட்டி

எழுதிப் பழகாத கை இது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது சொல்லுவேன். பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஆட்களின் பேர் போனது. பிறகு எங்கள் காம்பராவுக்கு, அதாவது லயத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு, வரும் வழி. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் எங்கள் ஒரே மகள் வீட்டுப் போனில் கூப்பிட்டு, நான் ரிசீவரை அவர் காதில் வைத்தால், "ரேடியோவை நிப்பாட்டு புள்ள" என்பார். குரல்தான் மறந்துவிட்டது, முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று நம்பினேன். அதுவும் மறப்பதற்குள் காட்டிவிட வேண்டும். ஆனால் வரிசையாகக் காம்பராக்கள் உள்ள எங்கள் லயம் பள்ளத்தில். மகள் அனுப்பிய டச் போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் மேல் மலைக்கு ஏற வேண்டும். அவர் கால் அதற்கு விடாது.

"அப்ப போன் லைன்லயே இன்டர்நெட் எடுங்கம்மா" என்றாள் மகள். "மோடம்னு ஒன்னு, ரௌட்டர்னு ஒன்னு. ரெண்டும் ஒன்னா உள்ள பெட்டியாக் கேளுங்க." மோடம் கம்பியில் வருவதை வாங்குமாம், ரௌட்டர் அதை வீட்டுக்குள் பரப்புமாம். மலையிலிருந்து பீலிக் குழாயில் விழும் தண்ணியைக் குடத்தில் பிடித்து ஆளுக்கு ஆள் ஊற்றுகிற மாதிரி என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஹட்டன் டவுன் கடையில் பேசவே எனக்குக் கூச்சம். கடைக்காரர் வேறொரு பெட்டியை முன்னால் வைத்தார்.

"இது சிம் போடுறது. வயரே வேணாம்மா."

"எங்க லயத்துல சிக்னல் இல்லீங்க."

"ஜன்னல்ல வச்சிப் பாருங்க, வரும்."

"ஜன்னலத் தொறந்தாலும் மலைதாங்க இருக்கு."

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் லைனுக்குக் கொடுக்கிற பெட்டியைத்தான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

போன் கம்பெனியிலிருந்து லைன் பார்க்க வந்த சிங்களப் பையன் சுவரில் ஒரு சின்ன வெள்ளை டப்பா மாட்டினான். அதில் ஒரு வாய் போனுக்கு, ஒரு வாய் பெட்டிக்கு. மெல்லிசு வயரைப் பெட்டியின் பின்னால் குத்தினான். ஒரு லைட்டு மினுக்கிக்கொண்டே இருந்து, பிறகு அசையாமல் நின்றது. "இது நின்னா ஹரி, அம்மே. மினுக்கினா லைன் இல்ல" என்றான். ஹரி என்றால் அவர்கள் பாஷையில் சரி. வெள்ளிக்கிழமை மகளுக்கு லீவு. அன்றைக்கு அந்தியில் கூப்பிடச் சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வானம் இருட்டி இடி இறங்கியது. இவர் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபேக்டரியில், வேலை செய்தவர். தேயிலை அரைக்கிற மிசின் ஓடும்போது இடி கேட்டால் மெயினை நிறுத்துவது இவர் பொறுப்பு. எதை மறந்தாலும் அது மறக்கவில்லை. நான் விறகை நனையாமல் எடுத்துவைத்துவிட்டு உள்ளே வருவதற்குள் கரண்டு வயர், மெல்லிசு வயர் எல்லாவற்றையும் பிடுங்கிச் சுருட்டி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மழை விட்டதும் நான்தான் மாட்டினேன். அந்த லைட்டு மினுக்கிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. அந்தி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் கூச்சத்தை விட்டு, பக்கத்துக் காம்பரா பொம்பளையைக் கூப்பிட்டு, இவர் பிடுங்கி வைத்ததைச் சொன்னேன். அவளுக்கு நான் மதினி முறை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரே மாதிரி நாலு ஓட்டை இருக்கு, ஓரத்துல தனியா சின்னதா ஒன்னு இருக்கு. நீங்க பெருசுல குத்தி வச்சிருக்கீங்க, மதினி. லொடலொடன்னு ஆடுது பாருங்க." சின்னதில் குத்தினாள். 'டக்'கென்று உட்கார்ந்தது. "அண்ணன் இன்னும் ஸ்டோருலதான் வேலையா? சம்பளம் யாருண்ணே குடுக்குறா?" என்று அவரைச் சீண்டினாள். அவரும் சிரித்தார். லைட்டு மினுக்கி மினுக்கி நின்றது.

டச் போனில் மகள் வந்தாள். நெற்றியில் பொட்டு, தலையில் அங்கே கட்டுகிற துணி. இளைத்திருந்தாள். போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வணக்கங்க. எந்தத் தோட்டங்க நீங்க?"

"பகிடி பண்ணாதீங்கப்பா" என்று சிரித்தாள். விளையாட்டுக்கு அப்படிப் பகிடி பண்ணுகிறவர்தான் அவர். ஆனால் அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "புள்ளைக்குத் தேத்தண்ணி ஊத்து, தூரத்துலருந்து வந்திருக்கும்" என்றார். பிறகு அவளிடம் மெதுவாக, "எங்களுக்கும் ஒரு மக இருக்காங்க. வெளிநாட்டுல. வாரேன்னு சொன்னா, இன்னும் காணோம்" என்றார்.

என் மகள் துணியால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, யாரோ பெரியவரிடம் பேசுவது போலப் பேசினாள்.

"வந்துருவாங்க ஐயா. நீங்க நேரத்துக்குச் சாப்புடுங்க."

"நல்ல புள்ள" என்றார் அவர்.

இப்போதும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் போனில் வருகிறாள். அவர் எந்தத் தோட்டம் என்று கேட்கிறார், அவளும் சொல்லுகிறாள். அவள் அதற்குப் பிறகு அவரை அப்பா என்று கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டால் அவர் பயந்துவிடுவார் என்கிறாள்.

மோடம், ரௌட்டர் பற்றி நான் எழுதியதும், எந்த வயர் எந்த ஓட்டைக்கு என்றதும் சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை. விவரம் தெரிந்த யாராவது ஒரு தடவை பார்த்து, பிழை இருந்தால் திருத்திவிடுங்கள்.